சாரனில் நிற்கிற துப்பாக்கி

அன்றைக்கு அந்தக் கடைக்குள் இருந்தவர்கள்: முதலாளி. கண்டியில் ஒன்றும் தெல்தெனியவில் ஒன்றுமாக இரண்டு நகைக்கடை வைத்திருப்பவர். அவர் மனைவி, நான் ராத்தா என்று கூப்பிடுவேன். துப்பாக்கிக் கடைக்காரர், சிங்களவர், இராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கதவுப் பக்கத்தில் நான். முதலாளியின் வான் டிரைவர்.

வேறு யாரும் இல்லை. நாங்கள் உள்ளே போனதும் கடைக்காரர் கதவைப் பூட்டிவிட்டார். அங்கே அப்படித்தானாம்.

துப்பாக்கி வாங்குவது என்று முடிவெடுத்தது முதலாளி இல்லை. ராத்தா. முந்தின வருஷம் மழைக்காலத்தில் தெல்தெனியவில் இருந்து திரும்பும்போது மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வானை ஒட்டி வந்தார்கள். பின்னால் இருந்தவன் இரும்பு ஒன்றால் கண்ணாடியில் தட்டினான். நிறுத்தச் சொல்லிக் கை காட்டினான். நான் நிறுத்தவில்லை. வளைவில் எதிரே பஸ் வந்தது. அவர்கள் பின்தங்கிப் போய்விட்டார்கள். நகைப் பை என் இருக்கைக்கு அடியில் இருந்தது. ஒன்றும் போகவில்லை.

முதலாளி அதை வீட்டில் சிரிப்புக் கதையாகச் சொன்னார். ராத்தா சிரிக்கவில்லை. அடுத்த கிழமையே விண்ணப்பம் எழுத வைத்தார். பொலிஸ் வந்து விசாரித்தது. அக்கம்பக்கத்தில் கேட்டது. கொழும்பில் பாதுகாப்பு அமைச்சில் இருந்து அனுமதி வர ஒரு வருஷம் ஆனது. கைத்துப்பாக்கி ஒன்று. முதலாளி பெயருக்கு.

கடைக்காரர் மேசையில் மஞ்சள் துணி விரித்து மூன்றை எடுத்து வைத்தார். ஒவ்வொன்றையும் திறந்து உள்ளே ரவை இல்லை என்று காட்டினார். எனக்கும் காட்டினார். நான் தலையாட்டினேன்.

முதலாவது ஒன்பது மில்லிமீட்டர். கறுப்பு, கனம். இரண்டாவது பொயிண்ட் டுவெண்டி டூ ரிவோல்வர். குழல் கட்டைவிரல் நீளந்தான் இருக்கும். மூன்றாவது பொயிண்ட் தேர்ட்டி டூ பிஸ்டல். பழையது. தட்டை. முதலாளியின் உள்ளங்கையில் வைத்தால் விரல்கள் மூடிக்கொள்ளும்.

கடைக்காரர் தமிழ் பேசினார். வடக்கில் வேலை செய்த காலத்தில் பிடித்துக்கொண்ட தமிழ்.

“முதலாளி, இது பெரிசு. ஒரு வெடி, ஆள் விழும். இந்த ரெண்டும் சின்ன. கிட்டத்தில நிண்டு ரெண்டு மூண்டு வெடி வைக்க வேணும்.”

“கிட்ட எண்டா எவ்வளவு?” என்று ராத்தா கேட்டார்.

“இந்த மேசை.”

“அவ்வளவு கிட்ட வந்தா இவரு சலாம் செல்லுவாரு. சுட மாட்டாரு.”

முதலாளி அதைக் காதில் வாங்கவில்லை. பெரியதை எடுத்துக் கையில் பிடித்துப் பார்த்தார். சுவரில் இருந்த கலண்டரைக் குறி வைத்தார். கடைக்காரர் மெதுவாக அவர் கையைக் கீழே இறக்கினார். வெறும் துப்பாக்கி என்றாலும் அப்படிப் பிடிக்கக் கூடாதாம்.

“இதுதான்” என்றார் முதலாளி. “எடுத்தா ஆம்புள மாதிரி ஒண்டு எடுக்கணும்.”

“அதுக்கு ஆம்புளயாப் பாத்து குடுக்கணும்” என்றார் ராத்தா. “கண்ணாடி போடாட்டி ஒங்களுக்கு வெலத் துண்டே வெளங்காது. நீங்க கள்ளனையும் சுடுவீங்க, வெத்தலக் கடக்காரனையும் சுடுவீங்க.”

கடைக்காரர் சிரித்தார். பிறகு வேலையைத் தொடங்கினார். துப்பாக்கி எது என்பது பிறகு. எங்கே வைப்பது என்பதுதான் முதல் கேள்வி என்றார். வெளியே தெரியக் கூடாது. விழக் கூடாது. உட்காரும்போது குத்தக் கூடாது. எடுக்க நினைத்தால் உடனே கைக்கு வர வேண்டும். காற்சட்டை போடுகிற ஆளுக்கு லேசு. பெல்ட்டில் உறையைக் கோத்து உள்பக்கமாகச் செருகிவிடலாம்.

முதலாளி காற்சட்டை போடுவதில்லை. நான் பார்த்த நாளில் இருந்து சாரன்தான். மேலே அகலமான பச்சைப் பெல்ட், பணம் வைக்கிற பை தைத்தது. அதற்கு மேல் நீளச் சட்டை. கலியாண வீட்டுக்கும் அதுதான், வங்கிக்கும் அதுதான். கடைக்காரர் அந்தப் பெல்ட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இராணுவத்தில் இதைப் படிப்பிக்கவில்லை என்றார்.

பெரியதை உறையில் போட்டுப் பெல்ட்டில் மாட்டினார். முதலாளி நாலு எட்டு நடந்தார். சாரன் வலப்பக்கம் இறங்கியது. பிடித்துக்கொண்டார்.

“துவக்க எடுக்க முந்தி சாரன் கழண்டுடும்” என்றார் ராத்தா. “கள்ளன் சிரிச்சே மவுத்தாப் போவான். ரவ மிச்சம்.”

“கொஞ்சம் வாய மூடிட்டு இரிங்களே.”

“நான் மூடுவன். சாரன ஆரு மூடுறது?”

பெல்ட்டை இன்னொரு ஓட்டைக்கு இறுக்கினார்கள். கடைக்காரர் கதிரையில் உட்காரச் சொன்னார். எழும்பச் சொன்னார். வானில் ஏறுவது போல் கால் தூக்கச் சொன்னார். எல்லாம் செய்தார். நின்றது.

“குனியுங்க” என்றார் கடைக்காரர்.

முதலாளி கொஞ்சம் குனிந்தார்.

“அது குனியுறதா?” என்றார் ராத்தா. “தொழுற மாதிரி குனிங்க. நாளைக்கி அஞ்சு வக்து தொழுற ஆளு. சுஜூதுக்குப் பெய்த்துப் பாருங்க.”

முதலாளி யோசித்தார். கடைக்காரர் ஒரு பத்திரிகையை விரித்தார். சிங்களப் பத்திரிகை. படம் இல்லாத பக்கத்தை மேலே வைத்தார். ராத்தா பார்த்துத் திருப்தியான பிறகு முதலாளி அதன் மேல் நின்றார்.

இடுப்பை வளைத்துக் குனிந்ததும் பெரியது உறையோடு முன்னுக்குச் சரிந்தது. கடைக்காரர் கையில் பிடித்தார். ரிவோல்வரைப் போட்டார்கள். குனிந்தபோது நின்றது. நெற்றி தரையில் பட்டபோது அதன் நடு உருளை வயிற்றில் குத்தி, முதலாளி அங்கேயே “ஆ” என்றார். தட்டையானது எல்லாவற்றுக்கும் நின்றது. சட்டைக்கு மேலும் தெரியவில்லை.

“தேர்ட்டி டூ” என்றார் கடைக்காரர். “சின்ன சாமான். ஆனா உடம்போட இருக்கும். வீட்டில வைச்சிட்டுப் போன பெரிய துவக்கு, துவக்கு இல்லை.”

முதலாளி எழும்பி முழங்காலைத் தட்டிவிட்டார். அவர் கண் இன்னும் பெரியதில்தான் இருந்தது.

“இதெல்லாம் என்னத்துக்கு? பள்ளிக்குள்ள நான் எப்புடியும் கொண்டு போக மாட்டன். தொழப் போக முந்தி தம்பிக்கிட்ட குடுத்துட்டுப் போவன். பெரிசையே எடுப்பம்.”

தம்பி என்றால் நான்.

அவர் அதைப் பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இருந்து அப்படித்தான். பள்ளி வாசலில் வானை நிறுத்தினால் ஃபோன், கைக்கடிகாரம், சாவிக் கொத்து, பர்ஸ், நகைப் பை எல்லாம் என் மடிக்கு வரும். செருப்பைக்கூட சில நாள் வானிலேயே கழற்றிவிட்டுப் போவார். திரும்பி வந்து ஒன்றையும் சரிபார்க்க மாட்டார். அவர் என்னை நம்புவது அப்படி. முன் கண்ணாடியில் என் ஜெபமாலை தொங்கும். அதைப் பற்றியும் ஒரு நாள் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நான் மஹய்யாவவில், கண்டி நகரத் தமிழர்களின் லயன் வீடுகளில் பிறந்தவன். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினேன். சண்டைக் காலத்தில் ஒரு தடவை என்னைப் பிடித்தார்கள். லொறியில் கிளீனராகப் போன காலம். அடையாள அட்டையில் முகவரி அழிந்திருந்தது. அதற்குப் பதினொரு மாதம் உள்ளே இருந்தேன். கையில் அன்றைக்கு ஒரு பிஸ்கட் பெட்டிதான் இருந்தது.

எல்லாரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னேன்.

“முதலாளி, நான் அத வாங்க மாட்டேங்க.”

“எத?”

“துப்பாக்கிய. நீங்க பள்ளிக்குப் போறப்ப. என் கையில குடுக்காதீங்க.”

அவருக்கு முதலில் விளங்கவில்லை. “நகைப் பைய வச்சிக்கிற. அதுல எவ்வளவு ஈக்கிண்டு ஒனக்குத் தெரியுந்தானே. இதுக்கு என்ன? பத்து நிமிஷம்.”

“நகை போனா களவுங்க. இது என் கையில இருந்தா வேற.”

“ஆரு பாக்குற?”

“பாத்தா?”

கடைக்காரர் குறுக்கே வந்தார். அனுமதியில் ஒரு பெயர்தான் இருக்கிறது, அந்தப் பெயர்க்காரர் தவிர வேறு யார் வைத்திருந்தாலும் குற்றம், கொடுத்தவருக்கும் குற்றம், வைத்திருந்தவருக்கும் குற்றம் என்றார். பிறகு என்னைப் பார்த்தார். நான் எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். மஹய்யாவ என்றேன். முதலாளி பக்கம் திரும்பினார்.

“இந்த மனிசன் கையில பிடிபட்டா, முதலாளிக்கு வழக்கு. இந்த மனிசனுக்கு வழக்கு வர முந்தி வேற எல்லாம் வரும். நான் பிடிக்கிற பக்கத்தில நிண்ட ஆள். எனக்குத் தெரியும்.”

முதலாளி என்னிடம் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்கு முகம் சிவந்தது.

“அப்ப ஒனக்கு என்னைய நம்பிக்க இல்ல.”

“அது இல்லீங்க.”

“இத்தன வருஷம் என்னத்த நான் ஒனக்கிட்ட மறச்ச?”

“ஒண்ணுமில்லீங்க முதலாளி. ஆனா வாங்க மாட்டேன். வேற டிரைவர் பாக்கிறதுன்னா பாருங்க. மாசக் கடைசி வரைக்கும் ஓட்டித் தர்றேன்.”

வேலை போனால் என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. வீட்டில் மனைவியிடம் எப்படிச் சொல்வது என்றுதான் ஒரு நிமிஷம் நினைத்தேன்.

ராத்தா மேசையில் இருந்த தட்டைப் பிஸ்டலைத் துணியோடு எடுத்து முதலாளி முன்னால் வைத்தார்.

“இதத் தாங்க, மாத்தயா. அவன் செல்றது செரி” என்றார் கடைக்காரரிடம். பிறகு முதலாளியிடம்: “உள்ள கொண்டு போனா என்ன? யுத்தத்துல ஆயுதத்தோட தொழுதுதானே ஈக்கிறாங்க.”

“தெல்தெனிய டவுன்ல இப்ப என்ன யுத்தமா நடக்குது?”

“அப்ப ரெண்டு வக்தயும் வழியில சேத்துத் தொழுங்க. பிரயாணி மாதிரி.”

“தூரம் காணா. கண்டில ஈந்து தெல்தெனியக்கிப் போற பிரயாணமா? மௌலவிக்கிட்டக் கேட்டா சிரிப்பாரு.”

“அப்ப இதுதான். வயித்துல குத்தா. தெரியா. தம்பியும் ஜெயிலுக்குப் போக மாட்டான்.”

தட்டையானதை வாங்கினார்கள். வீட்டுக்குப் போகும் வரை ராத்தாதான் மரக்கறி விலை பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். இறங்கும்போது முதலாளி, “நாளைக்கி ஏழு மணிக்கி வா” என்றார். வேலை இருக்கிறது என்று அதில் தெரிந்துகொண்டேன்.

தெல்தெனியப் பயணம் செவ்வாயும் வெள்ளியும். முதல் செவ்வாய் பள்ளி வாசலில் வானை நிறுத்தினேன். ஃபோனைத் தந்தார். கைக்கடிகாரம், சாவி, பர்ஸ், பை. கை அதே வேகத்தில் சட்டைக்குள் போனது. வேண்டுமென்று இல்லை. பழகிய கை. நான் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டேன். அவர் என் கையைப் பார்த்தார். சட்டையை இழுத்துவிட்டு இறங்கிப் போனார்.

திரும்பி வந்து ஏறும்போது, “குத்தல்ல” என்றார்.

“நல்லதுங்க.”

அப்படியே சில கிழமை போனது. முதலாளி நடக்கும்போது வலக்கை தானாக இடுப்புக்குப் போகும். எல்லா மோட்டார் சைக்கிளையும் திரும்பிப் பார்ப்பார். நித்திரை குறைந்துவிட்டது என்று ராத்தா என்னிடம் சொன்னார். துப்பாக்கி வாங்கினால் பயம் போகும் என்று நினைத்தாராம். முந்தியெல்லாம் பல்லேகல தாண்டியதும் முன்னிருக்கையில் குறட்டை விடுகிற மனிதர்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். முதலாளி வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இன்னொருவரோடு வந்தார். பள்ளி நிர்வாகத்தில் இருப்பவர். பக்கத்தில் துணிக்கடை வைத்திருக்கிறார். அந்தக் கடை முஸ்லிம் கடைகளைக் கொளுத்திய கலவரத்தில் எரிந்து, திரும்பக் கட்டிய கடை. இரண்டு பேரும் வானுக்குப் பக்கத்தில் நின்றார்கள். கண்ணாடி இறங்கி இருந்தது. எனக்குக் கேட்டது.

“ஹாஜி, ஒங்களுக்கிட்ட லைசன்ஸ் ஈக்கி. நான் அதுல ஒண்டும் செல்ல மாட்டன்” என்றார் அவர். “ஆனா ஒங்கட பின் வரிச ஸஃப்புல தொழுத பொடியன் ஒருத்தன் சுஜூதுல கண்டுட்டான். எனக்கிட்ட வந்து செல்றான். எனக்கிட்டச் செல்லாம வெளிய பெய்த்துச் செல்லியிருந்தா?”

“நான் கடதாசிய காட்டுவன்.”

“நீங்க காட்டுவீங்க. பள்ளிக்குள்ள துவக்கு ஈந்துச்சுண்டு நாளைக்கி ஊரெல்லாம் பேசினா நாங்க எந்தக் கடதாசியக் காட்டுற? கேக்குறவன் கடதாசி பாக்குற வரைக்கும் நிப்பானா?”

முதலாளி நிலத்தைப் பார்த்தார். துணிக்கடைக்காரர் முதலாளியின் கையைப் பிடித்தார். அதட்டிப் பேசவில்லை. கெஞ்சுவது போல்தான் இருந்தது.

“வாணாம் ஹாஜி. எங்களுக்கு ஏலா.”

முதலாளி ஏறி உட்கார்ந்தார். ஃபோனையும் சாவியையும் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். சட்டைப்பையில் போடவில்லை.

இனி என்னிடம் திரும்பக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்டாலும் என் பதில் அதுதான். அதைச் சொல்வதற்கு ஆயத்தமாக இருந்தேன். வானை எடுத்தேன். குண்டசாலையில்தான் முதலாளி கூப்பிட்டார்.

“தம்பி.”

“சொல்லுங்க முதலாளி.”

“நீ உள்ள ஈந்தண்டு செல்லுவியே. எவ்வளவு காலம்?”

“பதினொரு மாசங்க.”

“கையில என்ன வச்சீந்த?”

“பிஸ்கட் பெட்டி.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்சத் தூரம் போன பிறகு, “அந்தக் கடையில நிப்பாட்டு, பிளேன்டி குடிப்பம்” என்றார். நிறுத்தினேன். இரண்டு பேரும் குடித்தோம். காசு அவர் கொடுத்தார்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைப் பயணம் இல்லை. செவ்வாய் மட்டும். அன்றைக்கு மதிய லுஹரைத் தெல்தெனியக் கடையின் பின்னறையில் தொழுதார். தனியாக. ஜமாஅத்தோடு தொழுது பழகியவர்களுக்கு அது எப்படி என்று எனக்குத் தெரியாது. முதலில் சில நாள் தொழுது முடித்து வெளியே வரும்போது முகம் நன்றாக இருக்காது. பிறகு துப்பாக்கியைக் கொண்டுவருவதும் குறைந்தது. நகையை வேறு வேறு நாளில், கொஞ்சம் கொஞ்சமாக, நேரம் சொல்லாமல் கொண்டுபோகத் தொடங்கினோம். எந்த நாள் என்று எனக்கே காலையில்தான் தெரியும். அது ராத்தாவின் யோசனை. துப்பாக்கி வீட்டு அலுமாரிக்குள், இரும்புப் பெட்டியில் இருந்தது. முதலாளி திரும்பவும் வானில் குறட்டை விட்டார்.

வருஷம் முடிய அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். பொலிசுக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். நான் வானில் இருப்பதாகச் சொன்னேன். முதலாளி, “இல்ல, நீயும் உள்ள வா” என்றார். அவர் தானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். படியில் மூச்சு வாங்கியது. கை நீட்டப் போனேன். “நீ உடு” என்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

மேசையில் இருந்த அதிகாரி இளம் ஆள். துப்பாக்கியின் இலக்கத்தைக் கடதாசியோடு சரிபார்த்தார்.

“சுட்டுப் பழகினீங்களா?” என்று சிங்களத்தில் கேட்டார்.

“இல்ல” என்றார் முதலாளி. “ஒவ்வொரு கிழமையும் போவம் போவம்டு ஈந்தது.”

“இதை வேறு யாராவது வைத்திருந்தார்களா? வீட்டில், கடையில், வாகனத்தில்?”

“ஒருத்தரும் இல்ல.”

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் யார் என்று கேட்டார். டிரைவர் என்றேன். அடையாள அட்டையைக் கேட்டார். கொடுத்தேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். மஹய்யாவவா என்றார். ஆமாம் என்றேன்.

“இது உன் கையில் எப்போதாவது இருந்ததா? ஒரு நிமிஷமாவது?”

முதலாளி என் பக்கம் திரும்பவில்லை. மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லை, சேர்.”

யோசிக்காமல் சொன்னேன். என் குரல் சாதாரணமாக இருந்தது. அவர் இன்னும் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு அட்டையைத் திருப்பித் தந்தார். நான் அதைச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டேன்.

பிறகு ரவைப் பெட்டியைத் திறந்து மேசையில் கொட்டினார். அனுமதியில் இருபத்தைந்து என்று எழுதியிருந்ததை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினார்.

இருபத்தைந்து.